கிழக்குச் சுவர்க் குழாய்

ஆண்டவரே, இந்த ஆறாவது பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உமக்கும் இப்படித்தான் வேர்க்குமா? பிரசங்க நேரத்தில் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் ஆண்கள் பக்கம் நாலு காற்றாடியும் பறக்கிற பறப்பையும், பெண்கள் பக்கம் இருக்கிற மூன்றில் ஒன்று வெறுமனே தொங்குவதையும், மற்ற இரண்டும் யாரோ கெஞ்சிக் கேட்டதற்காகச் சுற்றுவது மாதிரிச் சுற்றுவதையும் பார்த்தால், உம்மிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது. ஜெமிமா மடியில் நெளிகிறாள். பத்து மாதம் முடிந்துவிட்டது, மேலே இரண்டாவது பல் எட்டிப் பார்த்துவிட்டது, அந்தப் பல்லுக்கு இப்போது வேலை வேண்டும், என் சங்கிலியைப் பிடித்துக் கடிக்கிறாள். கடிக்கட்டும், கத்தாமல் இருந்தால் சரி. பக்கத்தில் அத்தை. என் மாமியார், கண்ணை மூடாமலே தூங்குகிற வித்தை தெரிந்தவர். தூக்கத்திலேயே என் பக்கம் சாய்ந்து, “ஏட்டி எப்சி, முக்காடு நழுவுது பாரு,” என்கிறார். இழுத்துவிட்டுக்கொள்கிறேன். முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, அதில் படம் காட்டிப் பிரசங்கம் செய்கிறார் வெளியூரிலிருந்து வந்திருக்கும் போதகர். இன்றைக்குச் சுற்றுச்சூழல் ஞாயிறு. வேட்டியில் ஒரு பனிக்கரடி தன்னந்தனியாக ஒரு பனிக்கட்டித் துண்டின்மேல் நிற்கிறது. மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஜன்னல் வழியாக வந்து வேட்டியை அசைக்கும்போதெல்லாம் அதற்கு வயிறு குலுங்குகிறது. ஜெமிமா விரலை நீட்டி, “பௌ பௌ,” என்கிறாள். நாய் இல்லை கண்ணே, கரடி, பாவம், அது நிற்கிற இடம் உருகிப் போகிறதாம். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது, உண்மையாகவே. ஆனால் பிரசங்கம் முடிந்ததும் எழுந்துபோய் மன்றாட்டு ஜெபம் வாசிக்க வேண்டியவள் நான். அச்சடித்த தாள் என் பைக்குள் மடித்து இருக்கிறது. அதில் பனி இருக்கிறது, காடு இருக்கிறது, கடல் இருக்கிறது, கிழக்குச் சுவர்க் குழாய் இல்லை. அந்தக் குழாயை மூடி இன்றோடு பதினெட்டு நாள். அதைத் திறக்கச் சொல்ல வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும். சொல்ல முடியுமா என்று தெரியாமல்தான், ஆண்டவரே, இப்படி வேர்வையைப் பற்றி உம்மிடம் பேச்சை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

காற்று இரைகிறது. தேரிக்காட்டுச் செம்மண்ணை அள்ளிவந்து பெஞ்சுக்கு அடியில் எல்லாம் தூவுகிற காற்று. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை எத்தனை தடவை பெருக்கினாலும் காலுக்கடியில் நறநறவென்றுதான் இருக்கும். முன்பெல்லாம் இந்த இரைச்சலோடு இன்னொரு சத்தமும் வரும், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து. இந்த வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு எங்கள் கோயில் வளாகத்துக் கிணறு ஒன்றுதான். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்ல மனுசர் கிழக்கு மதிலுக்கு வெளிப்பக்கமாக ஒரு குழாயை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் அளத்துக் குடியிருப்பு, உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களின் நாற்பது வீடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடித்ததும் அந்தப் பெண்கள் குழாயை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் சொன்னதில்லை, அவர்களாகவே. குடம் நிறைகிற சத்தம் பிரசங்கத்துக்கு இடைஞ்சலாம். குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து, மதில் நிழலில் ஆராதனை முடியும்வரை காத்திருப்பார்கள். நாங்கள் பாட ஆரம்பித்தால் அந்தப் பக்கமிருந்தும் பாட்டு வரும். எங்கள் பாட்டில் பாதி அவர்களுக்கு மனப்பாடம், சில வரியில் எங்களைவிடச் சுதி சுத்தம். ஆமென் சொன்ன மறுநிமிடம் தண்ணீர் விழுகிற சத்தம், பித்தளையில் விழுந்தால் ஒரு மாதிரி, பிளாஸ்டிக்கில் விழுந்தால் ஒரு மாதிரி, கூடவே, “ஏளா, எம் முறையை மறிக்காத!” என்று ஒரு சண்டை. ஆமெனுக்கு அப்புறம் அந்தச் சண்டையைக் கேட்டால்தான் எனக்கு ஆராதனை முடிந்த மாதிரி இருக்கும். இப்போது காற்று மட்டும்தான். காற்றும், வளாகத்துக்குள் மரக்கன்றுகளுக்கு நீர் போகிற டியூபின் சளசளப்பும்.

அந்தக் கன்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உமக்குத் தெரியாததா, இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுற்றுச்சூழல் ஞாயிறன்று ஒவ்வொரு சபையையும் வந்து பார்ப்பார்களாம், எது பசுமையாக இருக்கிறதோ அதற்குக் கேடயமாம். சபைச் செயலர் என் மாமனார், சுவிசேஷமுத்து என்றால் நாலு ஊருக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை வீட்டில் மூன்று தடவை வாசித்தார். மூன்றாம் தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். லாரியில் நூற்றிருபது கன்று வந்து இறங்கியது, புங்கை, வேம்பு, நெல்லி, பாதாம். எந்த மாதம்? வைகாசி. எங்கள் மண்ணில் மரம் வைக்கிற மாதமா அது? ஐப்பசி மழைக்கு முன்னால் குழி தோண்டுவோம், மழையோடு கன்றை வைப்போம், மிச்சத்தை நீர் பார்த்துக்கொள்வீர். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் கிடக்கிற நாங்கள், கடிதத்தில் ஜூன் மாதம் ஞாயிறு என்று போட்டிருக்கிறது என்பதற்காகக் கத்திரி வெயிலில் நூற்றிருபது பச்சைக் குழந்தைகளை வெறுந்தரையில் நட்டு நிறுத்தினோம். ஒரு ஆள்கூட, மாதம் தப்பு என்று வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. திறந்தது வேறொன்றுக்கு. கன்று நட்ட வாரத்துப் புதன்கிழமை, கமிட்டிக் கூட்டத்தில் மாமா கேட்டார், “கன்னு நூத்திருவது நிக்கி. கெணத்துல தண்ணி இடுப்பளவுக்குத்தான் கெடக்கு. என்ன செய்யப் போறோம்?” எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பெண்கள் சங்கத்தின் சார்பாக நான் ஒருத்திதான், கடைசி நாற்காலியில், மடியில் இவளை வைத்துக்கொண்டு. அடுப்படியில் ஒழுகுகிற இடத்தைக் கண்டால் அடைக்கிற புத்தி எனக்கு. “கிழக்குக் குழாயை ரெண்டு மாசம் மூடிப் போட்டா கன்னுக்குத் தாராளமா காணும்லா மாமா,” என்றேன். சபைக் குடும்பத்துக்கு ஐந்து குடம், மிச்சம் கன்றுகளுக்கு என்று தீர்மானம் எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. மாமா எல்லாரையும் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீகளா, எம் மருமவ மூளைய!” அந்தச் சிரிப்பில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் பாட்டு. அதை நினைத்தால்தான் இப்போது கழுத்தெல்லாம் வேர்க்கிறது, காற்றாடி சுற்றாததால் இல்லை.

நல்ல வேளை, ஜெமிமா இருமுகிறாள். இருமல் இல்லை, சங்கிலியின் கொக்கி நாக்கில் பட்டுவிட்டது. எடுத்துவிட்டுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கிறேன். மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தால் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள், அடுத்த வாயைப் பூவாகத் துப்பினாள், மூன்றாவதை மூடியோடு தரையில் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, இரண்டு பல்லும் தெரிய. தண்ணீர் பெஞ்சுக்கு அடியில் ஓடிச் செம்மண்ணைக் கரைத்து முன்வரிசைக்காரியின் சேலைத் தலைப்புக்குப் போகிறது. கால் கட்டைவிரலால் அதை மறிக்கிறேன். “சிந்துனா சிந்தட்டும்ளா, பிள்ளைதான,” என்கிறார் அத்தை, இந்தத் தடவை முழித்துக்கொண்டே. சிந்தலாம். எங்கள் பிள்ளை சிந்தலாம். மூடித் தண்ணீர், ஒரு வாய்க்குத்தான் இருக்கும், கட்டைவிரலில் குளிர்ச்சியாகத் தட்டுகிறது. இசக்கியின் பிள்ளைக்கு இந்த ஒரு வாய் கிடைத்திருக்குமா இன்றைக்கு.

இசக்கியம்மாளும் நானும் நம் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அவள் கணக்கு, நான் வாசிப்பு. அவளைப் பார்த்து நான் கூட்டல் எழுதுவேன், என்னைப் பார்த்து அவள் செய்யுள் ஒப்பிப்பாள், டீச்சருக்கு இரண்டு நல்ல மாணவிகள். நான் பன்னிரண்டுவரை போனேன், அவள் ஆறோடு அளத்துக்குப் போனாள். அரசு ஆஸ்பத்திரியில் போன வருசம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம், எனக்கு ஜெமிமா, நாலாம் நாள் அவளுக்கு யாழினி. நேற்றுக் காலை கடைக்குப் போகும்போது எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பின்னாலும் பக்கத்திலுமாக நாலு குடம் கட்டி, நாற்கரச் சாலை முக்குக் குழாயிலிருந்து. அங்கிருந்து இங்கே மூன்று மைல். வெயிலுக்கு முன்னால் போய்விட்டு வந்து, வெயிலோடு அளத்துக்குப் போக வேண்டும். அவர்கள் கிணறு மார்கழியில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழையில் மூழ்கி, வெள்ளம் வடிந்தபோது உப்பாகிவிட்டது. குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து கிணற்றுக்குள் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பஞ்சாயத்துக் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை, அதிலும் பாதி நேரம் காற்று. என்னைக் கண்டதும் நின்றாள். “என்னட்டி எப்சி, ஒங்க கோயில்ல கன்னுகளுக்கெல்லாம் நித்தமும் ஞானஸ்நானம் குடுக்கீகளாமே? ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதி வச்சிருக்காமே?” நான் சிரித்துவிட்டேன், ஆண்டவரே. அவள் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் முன்னால் ஒரு குடும்பப் பேர் எழுதிய பலகை இருக்கிறதே. அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தாமலே, “எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. பேரு வச்சாச்சு, தண்ணிதான் படல. ஒங்க சாமியார வரச் சொல்லேன்,” என்றாள். “யாழினிக்கு என்னட்டி?” “மூணு நாளா வயித்தால போவுது. நர்சம்மா கொதிக்க வச்சுக் குடுன்னாவ. இந்த நாலு கொடம் தீந்தா கெணத்து உப்புத் தண்ணிதான், அதக் கொதிக்க வச்சா உப்பு கூடத்தான செய்யும்? நீதான் பன்னெண்டு படிச்சவ, சொல்லு.” குழாயை மூடச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இத்தனை செல்லமாகப் பேசியிருப்பாளா. இல்லை, தெரிந்துதான் இத்தனை செல்லமாகப் பேசினாளா. இந்த இடத்துக்கு வந்ததும் நேற்றிலிருந்து என் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுபோகிறது, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகராது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். குடங்களின் வாயில் வேப்பிலை போட்டிருந்தாள், தண்ணீர் அலம்பாமல் இருக்க. எங்கள் வளாகத்தில் நட்ட வேம்பில் ஒரு இலைகூட இன்னும் பறிக்கிற அளவுக்கு வளரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், இசக்கி மாதிரி. ஒரு கன்றுக்கு ஒரு குடம், நூற்றிருபது குடம். நாற்பது வீடு. வீட்டுக்கு மூன்று குடம். இத்தனை சுலபமான வகுத்தலை அந்தப் புதன்கிழமை ஏன் போடவில்லை நான்? மதிலுக்கு அந்தப் பக்கம் விழுகிற தண்ணீர் ஒழுகிப் போகிற தண்ணீர் என்றல்லவா நினைத்தேன். வேட்டியில் இப்போது கரடி போய்விட்டது, காய்ந்து வெடித்த ஏரி வந்திருக்கிறது, அதுவும் எங்கோ தூரதேசத்து ஏரி. ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரர், ஜெயசிங் அத்தான், காற்றாடிக்கு நேர் கீழே இடம் பிடித்து வாயை லேசாகத் திறந்து தூங்குகிறார். ராத்திரி துறைமுகத்தில் டூட்டி, பாவம். நேற்று அவரிடம் சொன்னேன். “ஒங்க அப்பாட்ட ஒரு வார்த்த சொல்லுங்க அத்தான்.” “நான் சொன்னா அப்பாக்கும் எனக்கும் சண்டதான் வரும். நீ சொன்னா கேப்பாவ. ஒன்னத்தான் தலையில தூக்கி வச்சிருக்காவளே.” சொன்னவர் தூங்கப் போய்விட்டார். அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, மதிலுக்கு அந்தப் பக்கம் குடச் சத்தமே இல்லாதது உறுத்தி, நானே முயற்சி செய்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சாயந்திரம் காப்பியைக் கொண்டு போனபோது மாமா முற்றத்தில் பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ‘ஜெமிமா, நெல்லி’ என்று வெள்ளை எழுத்து. பேத்தியின் பேரை அத்தனை அழகாக எழுதிக்கொண்டிருந்த கையிடம் என்ன சொல்வது. சொன்னேன். “மாமா, அந்த கிழக்குக் கொழாய வேணும்னா காலையில ஒரு மணி நேரம் மட்டும்...” அவர் தூரிகையை நிறுத்தவில்லை. கோபப்படவும் இல்லை, என் மாமாவுக்குக் கோபம் வராது, அதுதான் கஷ்டம். “கமிட்டித் தீர்மானம்ளா அது. கோயில் காரியத்தைக் கோயில்லதான் பேசணும். வீட்டுல மாமனாரும் மருமவளும் பேசி முடிச்சிட்டா சபைன்னு ஒண்ணு எதுக்கு?” அது நியாயம்தானே? அதுவும் நியாயமாகத்தானே இருக்கிறது, ஆண்டவரே. அப்புறம் காப்பியைக் குடித்துவிட்டு, “இன்னும் ஒரு வாரம் பொறு. கேடயம் வந்துரட்டும்,” என்றார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து டியூபைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கன்றாக நிற்கிறார். காய்ந்த இலையைக் கிள்ளி எடுக்கிறார், வாடினதற்கு ஓலையில் நிழல் கட்டுகிறார். கெட்ட மனுசரா? நான் வாழ்க்கைப்பட்டு வந்த அன்றைக்குப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கவளத்தை நான் எடுக்கும்வரை சாப்பிடாமல் இருந்தவர். வால்வு இருக்கிற மோட்டார் அறையின் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. அந்தக் குழாயை அவர் மூடினது யார்மேலும் உள்ள வெறுப்பில் இல்லை. என் யோசனைமேல் உள்ள பெருமையில்.

வீட்டில் கறி வெங்காயத்தோடு வதங்கிப் பாதியில் நிற்கிறது, போனதும் தேங்காய் அரைத்து விட்டால் போதும். சொல்லப்போனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடிக்காத புருசன், அதட்டாத மாமனார், தூங்கிக்கொண்டே அன்பு காட்டுகிற மாமியார், பல் முளைக்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக் கறி. ஜெபத்தில் உம்மிடம் கேட்க எனக்கென்று ஒன்றும் அகப்படாமல் பக்கத்து வீட்டுக்காரிக்கு மூட்டுவலி என்று எதையாவது தேடுவேன். அந்த நிறைவு நேற்றுக்கூட இருந்தது, சைக்கிள் எதிரே வரும்வரை. இப்போதும் இருக்கிறது. பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தால் வேர்வையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வருகிறதே, அப்போது சாகிறதற்குக்கூடத் தயார் என்கிற மாதிரி ஒரு சந்தோசம். ஆனால் யாழினியின் தலையிலும் இதே வாசனைதான், ஆஸ்பத்திரியில் மோந்து பார்த்திருக்கிறேன், மாற்றி வைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. போதகர் குரலைத் தாழ்த்துகிறார். இவர் குரலைத் தாழ்த்தினால்தான் காதில் விழுகிறது. “இந்தச் சூட்டை உண்டாக்கினவர் ஒருத்தர், அதில் வேகிறவர் வேறொருத்தர். ஒரு புகைவண்டி அளவு புகையைக்கூட வாழ்நாளில் விடாதவர்கள்தான் முதலில் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறார்கள். மரம் நடுங்கள், நல்லது. ஆனால் அவர்களுக்கு நியாயம் செய்யாமல் நட்ட மரம் கர்த்தருடைய கண்ணுக்கு மொட்டையாகத்தான் தெரியும். உங்கள் ஊரில் அப்படி வேகிற ஒருவரைப் பேர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் மௌனம்.” மாமா முதல் வரிசையில் தலையை ஆட்டுகிறார், ஆமாம் ஆமாம் என்று. எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். அப்புறம் மௌனம். மௌனத்தில் அந்த டியூபின் சளசளப்பு மட்டும், நூற்றிருபது பேருக்கும் தாகம் தீர்க்கிற சத்தம். இசக்கி, என்று நினைத்தேன். இசக்கியம்மாள். யாழினி. யாழினியின் உதடு. மாமா யார் பேரை நினைக்கிறார்? பின்கழுத்தைப் பார்த்தால் தெரியவில்லை. வேதத்தில் வருகிற அந்த ஆகார், வீட்டை விட்டு அனுப்பப்பட்டவள், தோல் துருத்தியில் இருந்த தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையைச் செடிக்கு அடியில் விட்டுவிட்டு, சாகிறதைப் பார்க்க மாட்டேன் என்று தூரத்தில் போய் உட்கார்ந்து அழுதாளே. சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது நீர் அவளுக்காக ஒரு கிணற்றைப் புதிதாக உண்டாக்கினீர் என்றுதான் நினைத்தேன். ஜெமிமா பிறந்த பிறகு ஒருநாள் வாசித்தபோதுதான் கவனித்தேன், நீர் கிணறு தோண்டவில்லை, அவள் கண்ணைத்தான் திறந்தீர். கிணறு முன்னமே அங்கே இருந்திருக்கிறது. எனக்கு இங்கே வேறு மாதிரி ஒரு சந்தேகம். கிணற்றுக்கு வேலி போட்டு வைத்திருந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தார்களா? அவர்களைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை? அவர்கள் அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்களோ.

பயமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், பயமாகத்தான் இருக்கிறது. மேலிடம் அனுப்பி வந்திருக்கிற போதகருக்கு முன்னால், கேடயம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, மருமகளே எழுந்து நின்று சொன்னால், ஊர் என்ன சொல்லும்? மாமனாரைச் சபையில வச்சு மானத்த வாங்கிட்டா. அத்தை ஒரு வாரம் பேச மாட்டார், பேசாமல் இருப்பதை எல்லாரிடமும் போய்ப் பேசுவார். மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஆராதனை முடிந்து தனியாகச் சொல்லலாமா? கமிட்டிக் கூட்டம் இனி அடுத்த மாதம்தான். அதுவரை யாழினி தாங்குவாளா? போதகர் ஆமென் சொல்லிவிட்டார். கோயில்பிள்ளை படம் காட்டின வேட்டியை அவிழ்க்கிறார். “ஏட்டி, ஒன்னத்தான் பாக்காவ, எந்திரி,” என்று அத்தை என் விலாவில் இடிக்கிறார். பிள்ளையை அவர் மடிக்கு மாற்றுகிறேன். ஜெமிமா என் தலைப்பை விடவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்கிறேன், ஐந்தாவது விரலைப் பிரிக்கும்போது முதலாவது திரும்பப் பிடித்துக்கொள்கிறது. “வாங்கிக்கிடுதேன், நீ போ. தடுமாறாம வாசி, ஒங்க மாமா எல்லாருட்டயும் எம் மருமவ வாசிப்பப் பாருங்கன்னு சொல்லி வச்சிருக்காவ.” இதை இப்போதா சொல்ல வேண்டும் அத்தை.

நடக்கிறேன். பெஞ்சுகளுக்கு நடுவில் இருக்கிற பாதை இத்தனை நீளம் என்று என் கல்யாணத்தன்றுகூடத் தெரியவில்லை. தரை வெதுவெதுவென்று இருக்கிறது, மண் நறநறக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கன்றுகள் வரிசையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன, அவைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவற்றுக்கும் தாகம்தான், அவற்றையும் நாங்கள்தான் வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினோம். பாடபீடத்தில் தாளை விரித்து வைக்கிறேன். காற்று தூக்குகிறது, முழங்கையை வைத்து அழுத்திக்கொள்கிறேன். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், எல்லாரும் கண்ணை மூடுகிறார்கள். மாமாவும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறார், உதட்டோரத்தில் அந்தப் பெருமைச் சிரிப்பு. உருகுகிற பனிமலைகளுக்காக வாசிக்கிறேன். சபை பதில் சொல்லுகிறது. அழிகிற காடுகளுக்காக. பதில். கடலுக்கும் அதில் உள்ள ஜீவன்களுக்கும். பதில். ஆளுகிறவர்களின் மனந்திரும்புதலுக்காக. பதில், இதற்கு மட்டும் கொஞ்சம் சத்தம் கூடுதல். குரல் தடுமாறவில்லை. தாள் முடிந்துவிட்டது. முழங்கையை எடுக்கிறேன், தாள் பறந்து போய்ப் படிக்கட்டில் விழுகிறது, விழட்டும். ஆமெனுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆண்டவரே, உம்மிடம் எத்தனை நேரம் பேசிவிட்டேன், இதில் ஒரு விண்ணப்பம்கூட உமக்கு உரியது இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. குழாய்ச் சாவி உம்மிடம் இல்லையே.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்கிறேன். என் குரல்தானா? “கிழக்குக் கொழாய மூடச் சொன்னது நான்தான். கூட்டத்துல மொதல்ல வாயத் தொறந்தது நான். அன்னிக்கு எனக்குக் கன்னு மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு. இப்போ அளத்துக் குடியிருப்புல நாப்பது வீடு தண்ணி இல்லாம கெடக்கு. எங்கூடப் படிச்ச இசக்கியம்மா பிள்ளைக்கு நாலு நாளா வயித்தால போவுது. எம் பிள்ளைக்கும் அதுக்கும் நாலு நாள்தான் வித்தியாசம்.” கண்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. அத்தான் முழித்துக்கொண்டார். போதகர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகக் கன்றுகளைப் பார்க்கிறார். பின்னாலிருந்து, “எப்ஸீ...” என்று அத்தையின் குரல் இழுக்கிறது, அதற்கு மேல் ஜெமிமா ஏதோ கத்திச் சொல்கிறாள். மாமா பைக்குள் கண்ணாடியைத் தேடுகிறார், அகப்படவில்லை, கண்ணாடி இல்லாமலே என் பக்கம் பார்க்கிறார், நான் அவருக்கு மங்கலாகத்தான் தெரிவேன். எனக்கு அவர் நன்றாகத் தெரிகிறார்.

“மாமா, மழை வார வரைக்கும் கன்னுகளுக்கு நாங்க தண்ணி சொமக்கோம். அரிசி களைஞ்ச தண்ணி, குளிச்ச தண்ணி, வீட்டுக்கு ரெண்டு கொடம். மொதக் கொடம் நான் கொண்டாரேன். கேடயம் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. இப்போ ஆமென் சொன்ன ஒடனே, எல்லாரும் வெளிய எறங்குறதுக்கு முன்னால, நீங்களே போயி ஒங்க கையாலயே அந்தக் கொழாயத் தொறந்து விடுங்க மாமா.”